செங்கோட்டைக் கணவாய்க் காட்டில்



குற்றாலத்தை அறியாத தமிழர் மிகச் சிலரே. ஆனி ஆடி மாதங்களில் சாரல் தொடங்கிற்று என்ற செய்தி வந்ததும் நான்கு திசையிலிருந்தும் மக்கள் அங்கே திரள்கின்றனர். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராடி, உடம்பும் உள்ளமும் குளிர்ந்து திரும்புகின்றனர். ஆனால் அந்த அருவிகளுக்கு நீர் எங்கிருந்து வருகிறது, அந்த நீரைச் சுமந்து வரும் காற்று எந்த வாசல் வழியாக உள்ளே நுழைகிறது என்று கேட்டால், நம்மில் பலர் மறுமொழி கூறத் தயங்குவர். அந்த வாசலின் பெயர் செங்கோட்டைக் கணவாய். அதன் கிழக்கு வாயிற்படியில் அமைந்திருக்கும் ஊரே செங்கோட்டை. நான் பிறந்த ஊரும் அதுவே.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில், என் கல்லூரி மாணவர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு அக்கணவாயின் வழியாகச் சென்று, அப்பாலுள்ள செந்துருணி வனவிலங்குச் சரணாலயத்தில் இரண்டு இரவுகள் தங்கி வந்தேன். அங்கு நாங்கள் கண்டவற்றையும் கற்றவற்றையும், நான் செய்த ஒரு பிழையையும், இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கணவாய் என்பது யாது என்று பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை, தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கிக் குமரிமுனை வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அது ஒரு பெரிய மதில். அந்த மதிலில் இரண்டொரு இடங்களில் இடைவெளிகள் உண்டு. அவற்றுள் மிகப் பெரியது பாலக்காட்டுக் கணவாய். அது முப்பது கிலோமீட்டருக்கும் மேல் அகன்றது. அதற்குத் தெற்கே குறிப்பிடத்தக்க இடைவெளி நம்முடைய செங்கோட்டைக் கணவாய்தான். இது ஏழெட்டுக் கிலோமீட்டர் அகலமே உள்ளது. இதற்கு வடக்கே பெரியாற்று மலைகள். தெற்கே பொதிகையைத் தன்னகத்தே கொண்ட அகத்திய மலைகள். இரண்டு பெரும் மலைக்கூட்டங்களுக்கு நடுவே, தாழ்ந்து கிடக்கும் நிலம் இது.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து இம்மதிலில் மோதுகிறது. மோதிய காற்று மேலே ஏறியாக வேண்டும். மேலே ஏறும் காற்று குளிர்கிறது, குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி துளியாகிறது, துளி மழையாகிறது. ஆகவே மேற்குச் சரிவில் மழை கொட்டுகிறது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும் காற்றோ மீண்டும் சூடடைகிறது. ஈரம் இழந்த காற்று ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ பத்துப் பாகை வெப்பம் கூடுகிறது. அதனால் மேகம் கலைகிறது. கிழக்குச் சமவெளி மழை மறைவுப் பகுதியாகி விடுகிறது. இது பள்ளிப் பாடத்தில் நீங்கள் படித்த செய்தியே.

ஆனால் மதிலில் வாசல் திறந்திருந்தால் என்ன நிகழும்? காற்று முழு மலையையும் ஏறி இறங்க வேண்டுவதில்லை. ஈரம் முழுவதையும் இழக்காமலே வாசல் வழியாகப் பாய்ந்து வருகிறது. அவ்வாறு பாய்ந்து வந்த காற்று, கிழக்கே குற்றாலத்திலும் தென்காசியிலும் செங்கோட்டையிலும், மாவைச் சலித்தாற்போல நுண்துளிகளைத் தூவுகிறது. அதற்கே சாரல் என்று பெயர். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் துளி படும். குடை பிடிக்கவும் தோன்றாது, நனையாமல் இருக்கவும் முடியாது. சில கல் தொலைவு கிழக்கே சென்றால் அதே நாளில் புழுதி பறக்கும். ஒரு வாசலுக்கு நேரே இருப்பதும் அதற்கு விலகி இருப்பதும் இத்தனை வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

காற்று வந்த வழியிலேயே மனிதரும் வந்தனர். செங்கோட்டை நெடுங்காலம் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. அவ்வரசின் சங்கு முத்திரை பொறித்த தோரணவாயில் எங்கள் ஊரில் நிற்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, செங்கோட்டை வட்டம் இரண்டாகப் பிரிந்தது. கிழக்குப் பகுதி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆரியங்காவும் தென்மலையும் அடங்கிய மேற்குப் பகுதி கேரளத்தில் நின்றது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி மாவட்டம் தனியே அமைந்தபோது எங்கள் ஊர் அதனுள் வந்தது.

நிலப்படத்தில் கோடு விழுந்தாலும் மக்களின் உறவு அறுபடவில்லை. அச்சன்கோவில் ஐயனுக்கு உரிய அணிகலன்கள் ஆண்டுதோறும் மார்கழியில் புனலூரிலிருந்து புறப்பட்டு, செங்கோட்டை தென்காசி வழியாகவே அக்கோயிலுக்குச் செல்கின்றன. வழியெங்கும் தமிழ்நாட்டு மக்கள் வரவேற்கின்றனர். ஆரியங்காவுக் கோயிலில் நடைபெறும் திருக்கல்யாணத்துக்கு மதுரைச் சௌராட்டிர மக்கள் பெண்வீட்டாராக வந்து நிற்பது இன்றும் வழக்கம். ஒரு மலைவழி இரண்டு நாடுகளைப் பிரிக்கவும் செய்யும், இணைக்கவும் செய்யும் என்பதற்கு இவையே சான்று.

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் மற்றொரு பெயரும் உங்கள் நினைவுக்கு வரும். 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டு, தன்னையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதன் செங்கோட்டையில் 1886இல் பிறந்தவர். அவர் புனலூரில் திருவிதாங்கூர்க் காட்டிலாகாவில் பணியாற்றியவர் என்பதைப் பலர் நினைப்பதில்லை. இந்தக் கணவாய் அவர் பழகிய வழி. எங்கள் பயணத்தில் இதை நான் சொன்னபோது மாணவர்கள் சன்னல் ஓரம் சென்று காட்டைப் புதிதாகப் பார்ப்பவர்போல் பார்த்தனர்.

ஆம், நாங்கள் ரயிலில்தான் சென்றோம். கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைக்கும் இருப்புப்பாதை மலை வழியாக முழுமையாகத் திறக்கப்பட்டது 1904ஆம் ஆண்டில். மீட்டர் பாதையாக நூறாண்டுக்கு மேல் உழைத்து, 2010இல் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டு, 2018இல் மீண்டும் முழுதும் திறக்கப்பட்டது. பகவதிபுரம் நிலையத்தைக் கடந்ததும் வயலும் தென்னையும் பின்வாங்குகின்றன. நீண்ட குகை ஒன்று வண்டியை விழுங்குகிறது. உள்ளே நுழையும்போது தமிழ்நாட்டு வெயில். வெளியே வரும்போது ஆரியங்காவின் ஈரக்காற்று. மழை மறைவு என்று நான் முன்பு சொன்னதை வகுப்பில் அரைமணி நேரம் விளக்கினாலும் பதியாது. அந்தக் குகையின் இரண்டு வாய்களும் சில நிமிடங்களில் பதிய வைத்துவிடும்.

கழுதுருட்டிக்கு அருகே, கருங்கல்லால் கட்டிய பதின்மூன்று கண்பாலம் ஒன்றின்மேல் வண்டி ஊர்ந்தது. கீழே சாலை, அதையடுத்து ஆறு, மேலே இருப்புப்பாதை. மூன்றும் ஒரே பள்ளத்தாக்கில் நெருங்கி ஓடுகின்றன. வாசல் குறுகலானது, அதில் செல்ல விரும்புவோரோ பலர் என்பதை அந்த ஓரிடமே காட்டிவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

தென்மலையில் இறங்கினோம். தேன் நிறைந்த மலை என்பதே அப்பெயரின் பொருள் என்று அங்குள்ளோர் கூறுவர். அதனை ஒட்டிய செந்துருணிக் காடு 1984ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 170 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. குளத்துப்புழை, செந்துருணி, கழுதுருட்டி என்னும் மூன்று ஆறுகள் கூடிக் கல்லடையாறு ஆகின்றன. அந்த ஆற்றின் குறுக்கே பரப்பாறு அணை நிற்கிறது. அதன் நீர்த்தேக்கம் சரணாலயத்துக்குள் கைவிரல்களைப்போலப் பரந்து கிடக்கிறது. 2012ஆம் ஆண்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்கள் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டபோது இக்காடும் அவற்றுள் ஒன்றாயிற்று.

சரணாலயத்துக்கு அப்பெயரை அளித்தது ஒரு மரம். செங்குறிஞ்சி என்று அதனை அழைப்பர். குறிஞ்சி என்றதும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீலமாய்ப் பூக்கும் செடியை நினைத்துவிடாதீர்கள். இது வேறு, ஓங்கி உயரும் மரம், மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. இதன் வயிரம் சிவந்திருக்கும். அதனாலேயே 'செம்மை' பெயரில் ஏறிற்று. தென்கோடி மேற்கு மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. வழிகாட்டியாக வந்த வனக்காவலர் ஒரு மரத்தைக் காட்டி, "இதன் பாலைத் தொட வேண்டாம், தோல் வெந்து புண்ணாகும்" என்றார். முந்திரிக் கொட்டையின் ஓட்டை உடைத்துக் கை பொத்தவர்களுக்கு அது வியப்பாக இராது. குடும்ப குணம் அது.

மரங்களைத் தொட்டுப் பார்த்தவாறே ஒரு மாணவி, "ஐயா, இவற்றுக்கெல்லாம் பெயர் வைத்தவர் யார்?" என்று கேட்டாள். நல்ல வினா. காட்டில் வாழ்ந்த மக்கள் வைத்த பெயர்களே முதற்பெயர்கள். அதன்பின் அறிவியற்பெயர்கள் வந்தன. 1830களில் ராபர்ட் வைட் என்னும் மருத்துவர் குற்றாலத்து மலைகளில் அலைந்து செடிகொடிகளைத் திரட்டினார். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி அவர் வெளியிட்ட பெரிய தொகுதிகளுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர் இருவர். உலகமெங்கும் தாவர அறிஞர் புரட்டும் அந்நூல்களில் இதழும் மகரந்தமும் துல்லியமாக நிற்பது அவர்கள் கைத்திறத்தால். காட்டை அறிய மருத்துவர் ஒருவர் மட்டும் போதவில்லை. வழிகாட்டியும் வேண்டியிருந்தது, ஓவியரும் வேண்டியிருந்தனர். நீங்கள் எந்தத் துறையில் பயின்றாலும் காட்டில் உங்களுக்கு வேலை உண்டு என்று அவளிடம் சொன்னேன்.

வனத்துறையின் தங்குமிடம் காட்டுக்குள் ஓர் ஓடைக்கரையில் இருந்தது. முன்னரே விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, உடன்வரும் காவலரோடுதான் அங்கே செல்ல வேண்டும். சுற்றிலும் அகழி வெட்டியிருந்தனர்; யானை வாராமல் இருப்பதற்கு. இரவில் விளக்கு அளவோடுதான். அரிக்கேன் வெளிச்சத்தில் கஞ்சியும் பயறும் உண்டோம். நகரத்தில் நாம் அமைதி என்று சொல்வது ஓசையின்மையை. காட்டின் அமைதியில் ஓசை உண்டு. தவளைகளும் பூச்சிகளும் ஓயாமல் ஒலிக்கின்றன. ஆனால் அவற்றுள் எதுவும் நம்மை அழைப்பதில்லை. அதனாலேயே அது அமைதியாகத் தோன்றுகிறது.

அந்தத் தவளைகளைப் பற்றி ஒரு செய்தி. உயர்ந்த மலையின் குளிருக்குப் பழகிய சிற்றுயிருக்குத் தாழ்ந்து வெம்மையான கணவாய் ஒரு கடலைப்போன்றது. அது கடக்க இயலாது. ஆகவே இப்புறத்து மலையில் உள்ளவையும் அப்புறத்து மலையில் உள்ளவையும் பல்லாயிரம் தலைமுறை பிரிந்து வாழ்ந்து, மெல்ல மெல்ல வேறுபடுகின்றன. தவளைகளையும் மலைப்பறவைகளையும் மரபணு வழியாக ஆராய்ந்த அறிஞர்கள் பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் தெளிவான வேறுபாட்டையும், செங்கோட்டைக் கணவாயின் இருபுறமும் சில இனங்களில் வேறுபாட்டையும் கண்டுள்ளனர். காற்றுக்கும் மனிதனுக்கும் வாசலாக இருப்பது தவளைக்கு மதிலாக இருக்கிறது. ஒரே நிலம் ஒவ்வோர் உயிருக்கும் ஒவ்வொன்றாக அமைகிறது.

இனி, நான் செய்த பிழைக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் நண்பகலுக்குப் பின், நடைபயணம் முடிந்து ஓடைக்குத் திரும்பினோம். கால்களில் அட்டைக்கடியும் உடம்பில் வியர்வையுமாக மாணவர்கள் களைத்திருந்தனர். ஓடையில் முழங்கால் அளவு நீர், பளிங்குபோல் ஓடிற்று. தலைக்குமேல் வானம் நீலமாக இருந்தது. "ஐயா, குளிக்கலாமா?" என்றனர். வனக்காவலர் தங்குமிடத்தில் வேறு வேலையாக இருந்தார். அவரைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் செங்கோட்டைக்காரன், அருவியும் ஓடையும் குழந்தைப் பருவம் முதல் பழகியவன் என்னும் எண்ணம். "குளியுங்கள்" என்றேன். எண்மர் இறங்கினர்.

கால் மணி நேரம் கழிந்திருக்கும். காவலர் கரைக்கு வந்தார். அவர் வானத்தைப் பார்க்கவில்லை, நீரைப் பார்த்தார். குனிந்து ஒரு கை அள்ளினார். அதில் மக்கிய இலைத் துணுக்குகள் சில மிதந்தன. அவர் முகம் மாறிற்று.

"சார், பிள்ளைகளை உடனே கரையேறச் சொல்லுங்கள்" என்றார்.

"மழை இல்லையே" என்றேன்.

"இங்கே இல்லை. மேலே இருக்கிறது."

ஒரு மாணவன், "இன்னும் ஐந்து நிமிடம்" என்றான். அவர் அவனோடு பேசவில்லை. நீரில் இறங்கி, அவன் கையைப் பிடித்து இழுத்து வந்து மேட்டில் நிறுத்தினார். எங்கள் எல்லோரையும் உயரமான பாறைமீது ஏற்றினார். நீர் மெல்லச் செந்நிறம் அடைந்தது. பின்னர், தொலைவில் லாரி ஒன்று கற்களைக் கொட்டுவதுபோன்ற ஓசை கேட்டது. அடுத்த சில நிமிடங்களில், சற்றுமுன் என் மாணவர்கள் உட்கார்ந்திருந்த பாறைகள் கண்ணுக்கு மறைந்தன. ஒரு முழு மரம் வேரோடு புரண்டு சென்றது. எங்கள் தலைக்குமேல் வானம் அப்போதும் நீலமாகவே இருந்தது.

அன்று இரவு நான் உறங்கவில்லை. பன்னிரண்டு பெற்றோரின் முகங்கள் என் முன்னே நின்றன.

ஏன் அவ்வாறு நிகழ்ந்தது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். மலையோடை ஒன்றுக்கு நீர் தரும் பரப்பு சிறியது; சரிவோ செங்குத்தானது. சமவெளி ஆற்றில் வெள்ளம் நாட்கணக்கில் வருகிறது. மலையோடையிலோ நிமிடக்கணக்கில் வருகிறது. ஐப்பசியில் பெய்வது பெரும்பாலும் பிற்பகல் இடிமழை. காலை வெயிலில் சூடேறிய காற்று செங்குத்தாக எழுந்து, ஒரு சிகரத்தின்மேல் மட்டும் கருமேகமாகி, அங்கேயே கொட்டித் தீர்க்கும். அடுத்த முகட்டில் துளியும் இராது. காட்டுக்குள் நின்றால் மரக்கிளைகளுக்கிடையே நமக்குத் தெரியும் வானம் ஒரு கைக்குட்டை அளவு. அதைக் கொண்டு மலையின் வானிலையைக் கணிப்பது அறியாமை. நீரின் நிறம் மாறுவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, நீர்மட்டம் சிறிது உயர்வது, மேலே இரைச்சல் கேட்பது ஆகியவையே எச்சரிக்கைகள். அவற்றுள் முதலாவதைக் கண்டவுடனே கரையேறிவிட வேண்டும். நான்காவதைக் கேட்கும்வரை காத்திருப்பவனுக்கு நேரம் இராது.

இது காட்டுக்குள் மட்டும் நிகழ்வதன்று. 2024ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், பழைய குற்றால அருவியில் மக்கள் நீராடிக்கொண்டிருந்தபோது திடீரென வெள்ளம் பெருகி வந்தது. பலர் ஓடித் தப்பினர். பள்ளி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானவர் நீராடும் இடம் அது. பேரருவியில் நீர் நேரே நம் தலையில் விழாமல், இடையிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் பெரும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பின்னர் வழிகிறது. அதனாலேயே அதன்கீழ் நிற்க முடிகிறது. ஆயினும் வெள்ளக்காலத்தில் அந்தப் பள்ளமும் நம்மைக் காக்காது. காவலர் ஊதல் ஊதினால், தடை என்று பலகை தொங்கினால், நம் இன்பத்தைக் கெடுக்கிறார்கள் என்று முணுமுணுக்கிறோம். செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் வனத்துறையின் இசைவின்றிச் செல்லக்கூடாது என்னும் கட்டுப்பாட்டை மீறிச் செல்வதை வீரம் என்று சிலர் கருதுகின்றனர். அந்தப் பாறைமேல் நின்று நான் கற்றதை அவர்களுக்குச் சொல்வேன்: நமக்கு முன்பே நீரைப் பார்த்தவர் ஒருவர் இட்ட கட்டளை அது.

மறுநாள் காலை காவலரிடம், "இத்தனை வெள்ளமும் வீணாகத்தானே போகிறது?" என்று ஒரு மாணவன் வினவினான். அவர் சிரித்து, காலால் தரையைக் கிளறிக் காட்டினார். மேலே உதிர்ந்த இலை. அதன்கீழ் மக்கிய இலை. அதன்கீழ் கரிய மண். அதனூடே நூலாம்படைபோல் வேர்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தார். விரலிடுக்கில் நீர் சொட்டிற்று. வெள்ளமாக ஓடியது மிச்சம். காடு குடித்தது மிகுதி. குடித்த நீரைக் காடு மாதக்கணக்கில் சிறிது சிறிதாக விடுகிறது. மழை நின்ற பின்னும் ஓடை ஓடுவதன் காரணம் அதுவே. மரத்தை வெட்டி மண்ணைத் திறந்துவிட்டால் வெள்ளம் பெருகும். கோடையில் ஓடை வறளும். இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

கிழக்குச் சரிவில் இதே வேலையைச் செய்வது குற்றாலத்துக் காடு. அங்கே பிறக்கும் சிற்றாறு, குண்டாற்றையும் அனுமன் நதியையும் சேர்த்துக்கொண்டு, கழனிகளுக்கு நீரூட்டி, சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கிறது. செங்கோட்டைக்கு அருகிலுள்ள குண்டாறு அணையின் உயரம் 36 அடிதான். மேக்கரையிலுள்ள அடவிநயினார் அணை 132 அடி. இவை நிரம்புகின்றனவா என்பதைப் பொறுத்தே எங்கள் பகுதி உழவர் நாற்றுப் பாவுகின்றனர். அந்த மலைகளின் பெரும்பகுதி 2015ஆம் ஆண்டில் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் என அறிவிக்கப்பட்டது. ஊர்க்காரர் சிலர் அன்று ஐயுற்றனர். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தடை வருமோ என்று. அந்த ஐயம் பொருளற்றதன்று. காடு காக்கப்படும்போது அதன் ஓரத்தில் வாழ்வோரின் வாழ்வும் எண்ணப்பட வேண்டும். ஆயினும் அணைக்குள் வரும் நீர் காட்டிலிருந்தே வருகிறது என்பதை அந்த உழவர்க்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பழைய மக்கள் வேறு வழியில் இதை அறிந்திருந்தனர். குளத்துப்புழைக் கோயிலின் முன்னே ஓடும் ஆற்றில் பெரிய மீன்கள் கூட்டமாகத் திரியும். அவற்றைத் தெய்வத்தின் குழந்தைகளாகக் கருதி மக்கள் பொரியும் அரிசியும் இடுவர், பிடிப்பவர் இல்லை. அந்த ஓரிடத்தில் மீன் அச்சமின்றி வாழ்கிறது. சட்டம் என்ற சொல் எழுமுன்னே அங்கு ஒரு சரணாலயம் இருந்தது.

இனி, கண்பாலத்தருகே நான் நினைவில் வைக்கச் சொன்னதற்கு வருகிறேன். வடக்கே பெரியாற்றுக் காடு. தெற்கே அகத்திய மலைக் காடு. இரண்டிலும் யானைகள் உள்ளன. யானை நெடுந்தொலைவு நடக்கும் விலங்கு. கோடையில் ஒரு காடு, மழையில் ஒரு காடு என்று அது நாடுகிறது. இரு கூட்டங்களும் கலந்தால்தான் அடுத்த தலைமுறை வலிமையாகப் பிறக்கும். தவளையைப்போல் யானைக்குக் கணவாய் இயற்கையான மதிலன்று. அது நடந்து கடக்கவல்லது. ஆனால் அந்தக் குறுகிய வாசலில் நாம் தேசிய நெடுஞ்சாலையையும், இருப்புப்பாதையையும், தோட்டங்களையும், வீடுகளையும் அடுக்கிவிட்டோம். இரவெல்லாம் சரக்கு லாரிகள் ஓடுகின்றன. அந்த லாரிகளில் நம் காய்கறி போகிறது. அந்த ரயிலில் நாமே போகிறோம். ஆகவே பிறரைக் குறைகூறிப் பயனில்லை. காற்றுக்கும் மனிதனுக்கும் திறந்திருக்கும் வாசலில் யானைக்கும் சிறிது இடம் விட முடியுமா என்பதே வினா. பாதைக்கு மேலோ கீழோ விலங்கு கடக்கும் வழி அமைப்பது, இரவில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது, எஞ்சிய காட்டுத் துண்டுகளை இணைப்பது ஆகியவை உலகின் பல நாடுகளில் செய்து பார்க்கப்பட்டவை. இவற்றைக் கணவாயில் எங்கே, எப்படிச் செய்வது என்பதைக் கண்டுசொல்ல வேண்டியவர்கள் நாளைய பொறியாளரும் உயிரியலாருமாகிய நீங்கள்.

நீங்களும் அக்காட்டுக்குச் செல்லுங்கள். செல்லும்போது சிலவற்றை மறவாதீர்கள். வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இன்றி நுழையாதீர்கள். மங்கிய நிற ஆடை, நீண்ட காலுறை, அட்டைக்குச் சிறிது உப்பு, குடிநீர், ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். ஒலிபெருக்கி வேண்டா. கொண்டுசென்ற காகிதமும் நெகிழியும் உங்களோடே திரும்பி வரட்டும். எதை நீங்கள் அறிந்ததாக நினைக்கிறீர்களோ அதைப் பற்றி முதலில் கேளுங்கள். நான் கேட்கத் தவறியதை எண்ணியே இதைச் சொல்கிறேன்.

திரும்பும் நாளில், நாங்கள் கொண்டுசென்ற சிறு அன்பளிப்பை வனக்காவலர் வாங்க மறுத்தார். வெள்ளத்தில் கையைப் பிடித்து இழுக்கப்பட்ட மாணவன் அவர் எதிரே சென்று நின்றான். என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவரே பேசினார்: "அடுத்த முறை வரும்போது, தம்பி, நீயே முதலில் தண்ணீரைப் பார்."

அவன் இப்போது பொறியியல் மேற்படிப்பில் ஆற்றுநீரைப் பற்றிப் படிக்கிறான். விடுமுறையில் வந்தால் என்னைக் காண வருவான். இருவரும் குண்டாற்றங்கரையில் சிறிது தொலைவு நடப்போம். பேசிக்கொண்டே வரும் அவன், ஓடை தென்பட்டதும் பேச்சை நிறுத்திக் கரையோரம் குனிகிறான். நானும் அவனருகே குனிந்து பார்க்கிறேன்.